பதிவு மட்டும் போதுமா?

கேள்வி: என் மகளும் அவள் மணக்கவிருப்பவரும் இந்துக்கள். சடங்கே வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டால் போதும் என்கிறார்கள். அது சட்டப்படி திருமணம் ஆகுமா? சடங்கையோ முன்னறிவிப்பையோ சட்டம் வற்புறுத்துவது நியாயந்தானா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ஆகாது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி, பதிவு என்பது நடந்து முடிந்த திருமணத்துக்கான சான்றே தவிர, திருமணத்தை உண்டாக்குவதில்லை. சடங்கு நடக்கும் முன்பே ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிப் பதிவும் செய்துகொண்ட விமானிகள் இருவரின் வழக்கில், அவர்களுக்குள் திருமணமே நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அறிவித்தது.

எனினும், தமிழ்நாட்டில் இதற்காக அக்கினியை வலம்வர வேண்டியதில்லை. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்ததால், ஊரார் கண்ணில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாக நின்றார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய திருத்தம், 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த அத்தகைய திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும். மாலைக்கும் செலவிட மனமில்லாதவர்கள், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொல்லி முடித்துக்கொள்ளலாம். புரோகிதர் தேவையில்லை, ஊரைக் கூட்டி நடத்த வேண்டியதும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இந்த அளவு சட்டம் கேட்பது நியாயமே என்பது என் கருத்து. வெறும் கையெழுத்தை மிரட்டியோ, வேறு காகிதம் என்று ஏமாற்றியோ வாங்கிவிடலாம். சாட்சிகள் முன்னிலையில் வாய்திறந்து சொல்ல வைப்பது, பெண்ணின் சம்மதத்துக்கு அதைவிடப் பெரிய காப்பு. ஜீவனாம்சமோ வாரிசுரிமையோ பின்னாளில் வழக்காகும்போது, திருமணம் நடந்ததா என்ற கேள்விக்கு அந்தச் சாட்சிகளே விடை. வெவ்வேறு மதத்தவரும் மதம் மாறாமல் மணக்க வழிசெய்யும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் சடங்கைத் தம்பதியரின் விருப்பத்துக்கு விட்டாலும், திருமண அலுவலர் மற்றும் மூன்று சாட்சிகள் முன்னிலையில் அந்த உறுதிமொழியைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நான் ஏற்க மறுப்பது அச்சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பைத்தான். மணமக்களின் விவரங்களை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி, ஆட்சேபணைக்காகக் காத்திருப்பது, பெயரில் அறிவிப்பாக இருந்தாலும் நடைமுறையில் உரிமம் பெறுவதைப் போன்றது. பெண்ணைத் தேடி அலையும் உறவினருக்கு அது முகவரியையும் கொடுத்து அவகாசத்தையும் கொடுக்கிறது. சாதி மாறி மணக்கும் இந்துக்கள் 7-ஏ பிரிவின்கீழ் ஒரே நாளில் மணந்துவிடலாம். மதம் மாறாமல் வேற்று மதத்தவரை மணக்க விரும்புவோர் மட்டும் ஒரு மாதம் அஞ்சிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வயதையும் முந்தைய மணம் நிலுவையில் உள்ளதா என்பதையும் ஆவணங்களைக் கொண்டு அலுவலரே சரிபார்க்கலாம். தம்பதியர் எழுதிக் கேட்டாலொழிய அறிவிப்பை வெளியிடத் தேவையில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. நாடாளுமன்றம் சட்டத்தையே அவ்வாறு திருத்த வேண்டும்.

உங்கள் மகளுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. நெருங்கியவர்கள் சிலர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளட்டும், அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ளட்டும்.