வெங்கட்ராகவனைப் பற்றி ஏன் எழுதவில்லை?

அன்புள்ள அண்ணா,

சுழல் பந்துவீச்சாளர் எரப்பள்ளி பிரசன்னாவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் ஒரு வருத்தம். வெங்கட்ராகவன் பெயர் அதில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் 'பிரசன்னாவின் இடத்தில் ஆடியவர்' என்று. அவ்வளவுதானா அவர்? என் வயதுக்காரர்களுக்கு அவரை அம்பயராகத்தான் தெரியும். அப்பாவைக் கேட்டால், "பிரசன்னாவை வெளியே உட்கார வைத்துவிட்டு சிபாரிசில் ஆடியவர்" என்கிறார். பதிவுகளைப் பார்த்தால் 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36 (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால்தான் நல்லது). நான் பாலக்கோடு பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் சொல்லித் தருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து போய் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தவர் என்று அவரைப் பற்றிச் சொன்னால், "எத்தனை மேட்ச் ஜெயிச்சார் சார்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.
பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து டெஸ்டில் கேப்டன், ஒன்றில்கூட வெற்றி இல்லை. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் கேப்டன், ஆடிய ஆறு ஆட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும்தான் ஜெயித்தோம். 79இல், அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடம் தோற்றோம். இதையெல்லாம் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை, அப்படியே சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் மிச்சத்தையும் சொல்லுங்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது.

அப்பா சொல்வது எனக்குப் புதிதில்லை. கிருஷ்ணகிரியில் வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்ட பேச்சுதான் அது. நமக்குப் பெங்களூர் பக்கம், சென்னை தூரம். வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாண ஜவுளிக்கு, மேட்ச் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஓசூர் வழியாகப் பெங்களூர் போனவர்களுக்கு பிரசன்னாவும் சந்திரசேகரும் விஸ்வநாத்தும் சொந்த ஊர்க்காரர்கள் மாதிரி. அதனால் ஆஃப் ஸ்பின் (வலக்கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே திரும்பும் சுழல்) யாருடையது சிறந்தது என்று பேச்சு வந்தால் நம் பக்கத்துப் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரசன்னா கட்சி. பவுலராக மட்டும் எடுத்துக்கொண்டால் நானும் அந்தக் கட்சிதான். 49 டெஸ்டில் 189 விக்கெட், சராசரி 30. பந்தைக் காற்றில் தொங்கவிட்டு, பேட்ஸ்மேனை முன்னால் வரவழைத்து, வந்தபின் பந்து இன்னும் வரவில்லையே என்று அவனைத் தவிக்க விடுகிற அந்த வித்தை வெங்கட்டிடம் கிடையாது. அவர் உயரமானவர், கொஞ்சம் வேகமாக, தட்டையாக, ஒரே இடத்தில் குத்துவார். பவுன்ஸ் அவருக்கு ஆயுதம்.

ஆனால் சிபாரிசு என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிரசன்னா முதல் டெஸ்ட் ஆடியது 1962 ஜனவரியில், சென்னையில். அந்த வருடமே வெஸ்ட் இண்டீஸ் போய்விட்டு வந்து, இன்ஜினியரிங் படிப்பை முடிக்கவேண்டும் என்று ஒதுங்கிவிட்டார். மறுபடி டெஸ்ட் ஆட வந்தது 1967இல். நடுவில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. 1965இல் நியூசிலாந்து வந்தபோது, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த, இருபது வயதுகூட நிரம்பாத வெங்கட் உள்ளே வந்தார். அந்தத் தொடரின் டெல்லி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 4. நான்கு டெஸ்டில் 21 விக்கெட். பத்தொன்பது வயதுப் பையனுக்கு யாருடைய சிபாரிசு வேண்டும்?

(நம் ஊருக்கும் அந்த வருடத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உண்டானது அதே 1965இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்த 2004இல்தான் வெங்கட் அம்பயர் வேலையிலிருந்தும் விலகினார். நம் இரண்டு மாவட்டக் கதையும் அவருடைய மைதான வாழ்க்கைக்குள் அடங்கிவிடுகிறது.)

அப்புறம் 1971. அப்பாவின் கோபம் அந்த வருடத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். வடேகர் கேப்டன், வெங்கட் துணைக் கேப்டன். இங்கிலாந்தில் மூன்று டெஸ்டிலும் பிரசன்னாவுக்கு இடமில்லை. அது எனக்கும் வலிக்கிற விஷயம்தான். ஆனால் அதற்கு முன்னால் வெஸ்ட் இண்டீஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவர்களை முதன்முதலாக நாம் ஜெயித்த அந்த டெஸ்டில் இரண்டு பேரும் ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் பிரசன்னா 4 விக்கெட், இரண்டாவது இன்னிங்ஸில் வெங்கட் 5. தொடர் முடிந்தபோது வெங்கட்டின் கணக்கில் 22 விக்கெட், இந்திய பவுலர்களில் அவருக்குத்தான் அதிகம். அந்தக் கையோடு இங்கிலாந்து போகும்போது அவரை எப்படி வெளியே வைப்பது? பிரசன்னாவுக்கு நடந்தது அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம், அதற்காக வெங்கட் சம்பாதித்ததைப் பிடுங்க முடியாது.

நீங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது அதே 1971 இங்கிலாந்துத் தொடரின் ஓவல் டெஸ்ட். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 101க்கு ஆல் அவுட், எல்லோருக்கும் அது தெரியும். அந்த ஸ்கோர் அட்டையை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். சோல்கர் ஷார்ட் லெக்கில் பாய்ந்து பிடித்த ஆலன் நாட்டின் கேட்சை இன்றுவரை பேசுகிறோம், அந்தப் பந்தைப் போட்டது வெங்கட். சந்திராவின் பந்தில் லக்ஹர்ஸ்ட் அவுட்டானது வெங்கட் பிடித்த கேட்சில். ஒரு சுழல் பந்துவீச்சாளர் தன் ஓவரை முடித்துவிட்டு கல்லிக்கும் ஸ்லிப்புக்கும் (பேட்ஸ்மேனுக்குப் பின்பக்கம் கேட்சுக்காக நிற்கிற இடங்கள்) வந்து நின்று மற்றவனுக்கு விக்கெட் வாங்கிக் கொடுக்கிறார். டெஸ்டில் மொத்தம் 44 கேட்ச். அந்தக் காலத்து நான்கு ஸ்பின்னர்களில் பேடியும் சந்திராவும் பிரசன்னாவும் ஃபீல்டிங்குக்காகப் பெயர் வாங்கியவர்கள் இல்லை. யாரைச் சேர்ப்பது என்று தேர்வாளர்கள் உட்காரும்போது பேச்சு அங்கேதான் திரும்பியது. நான்கு பேரும் சேர்ந்து ஆடியது 1967 எட்ஜ்பாஸ்டனில் ஒரே ஒரு டெஸ்ட். மற்ற எல்லா நேரமும் நான்கில் ஒருவர் வெளியே இருக்கவேண்டும், பல முறை அந்த ஒருவர் வெங்கட்.

1974இல் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக பெங்களூர் சின்னசாமி மைதானத்தின் முதல் டெஸ்டில் கேப்டன் பட்டோடிக்குக் காயம். அடுத்த டெல்லி டெஸ்டுக்கு வெங்கட் கேப்டன். விவியன் ரிச்சர்ட்ஸ் 192 அடித்தார், இன்னிங்ஸ் தோல்வி. அதற்கடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினோரு பேரில் வெங்கட்டுக்கு இடமே இல்லை! போன ஆட்டத்தின் கேப்டனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைப்பதற்கு எந்த நியாயம் சொன்னாலும் என் மனம் ஏற்காது. 1979இல் இங்கிலாந்துத் தொடரில் மறுபடி கேப்டன். ஓவலில் 438 துரத்தி, கவாஸ்கரின் 221ஆல் 429க்கு 8 வரை போய் டிரா. நாடு திரும்பியதும் அந்தப் பதவியும் கவாஸ்கருக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் அவர் மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் தமிழ்நாட்டுக்காகப் போட்டுக்கொண்டே இருந்தார். ரஞ்சி விக்கெட்டில் ராஜிந்தர் கோயலுக்கு அடுத்த இடம் அவருக்கு, 530 விக்கெட். தொலைக்காட்சியும் கூட்டமும் இல்லாத மைதானங்களில் எடுத்தவை அவை. முப்பத்தேழு வயதில், 1983இல், மறுபடி டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள், போய் ஆடினார். 1965இல் தொடங்கியவர் 83 வரை! சராசரி 36 என்ற எண்ணில் இந்தப் பதினெட்டு வருடம் தெரியாது.

அம்பயராக உங்கள் தலைமுறை பார்த்ததையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஆடியதைவிட அதிக டெஸ்டில், 73 டெஸ்டில், அம்பயராக நின்றிருக்கிறார். இந்திய கேப்டனாக இருந்தவர்கள் ஓய்வுக்குப்பின் வர்ணனைக்கோ தேர்வுக் குழுவுக்கோ போவார்கள், தொப்பி போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நின்று மற்றவர்களின் திட்டை வாங்க யார் வருவார்கள்? 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213க்கு 213 என்று டை ஆனதே, அந்த ஆட்டத்தில் டேவிட் ஷெப்பர்டோடு நின்றவர் வெங்கட்தான். 2002இல் ஐசிசி எலைட் அம்பயர் குழுவை முதன்முதலாக அமைத்தபோது அதில் இருந்த ஒரே இந்தியரும் அவர். அடுத்த வருடம் பத்மஸ்ரீ.

சரி, உங்கள் பிள்ளைகளில் ஆஃப் ஸ்பின் போடுகிறவன் யாராவது இருந்தால், அவன் ஓவர் முடிந்ததும் பவுண்டரிக்கு அனுப்பாமல் கல்லியில் நிறுத்திப் பாருங்கள். முதலில் ரப்பர் பந்தில் தினமும் ஐம்பது கேட்ச், பிறகு கிரிக்கெட் பந்து. அப்பா பிரசன்னா கட்சியாகவே இருக்கட்டும். 74இல் சின்னசாமி டெஸ்ட் பார்க்கப் பெங்களூர் போனவர்களில் அவரும் ஒருவரா என்று கேட்டுச் சொல்லுங்கள். போயிருந்தால் அன்றைக்கு வெங்கட் எங்கே நின்று ஃபீல்டிங் செய்தார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.