கை உயர்த்தியது போதும், தராசைப் பாருங்கள்

கேள்வி: பத்தொன்பது வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன், ஞானஸ்நானமும் எடுத்தேன். இப்போது மச்சானோடு சேர்ந்து ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் ஷீட்டில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி, எடையில் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் கழிப்பது எங்கள் வழக்கம். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். தசமபாகம் தவறாமல் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும் மனசு குத்துகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும், மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று அழைப்புக் கொடுக்கும்போது மறுபடியும் கை உயர்த்தி முன்னால் போய் நிற்கிறேன். என் இரட்சிப்பு போய்விட்டதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குமரி மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

போய்விட்டது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. போனவருக்கு இவ்வளவு குத்தாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இனி ஒரு கூட்டத்திலும் கை உயர்த்தாதீர்கள். உங்கள் கணக்கு பந்தலில் தீராது, கடையில்தான் தீரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நேர்மையாக எடை போட்டு யாரும் இரட்சிப்பை வாங்க முடியாது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அது கிரியைகளால் வந்ததல்ல என்று அடுத்த வசனத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறார். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதற்கும் அடுத்த வசனத்தில், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். 1563-ல் ஜெர்மனியில் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை என்ற விசுவாசப் போதனை நூல் இந்த வரிசையை அழகாகப் பிடித்திருக்கிறது. முதலில் மனிதனின் பரிதாப நிலை, அப்புறம் மீட்பு, மூன்றாவதாக நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கம் வருவது அந்த மூன்றாம் பகுதியில், நன்றியின் கீழே.

உங்கள் தொழிலுக்கு நேராகவே ஒரு வசனம் இருக்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் கடைசியில், தராசும் நிறைகல்லும் மரக்காலும் படியும் சரியாக இருக்கவேண்டும் என்று கர்த்தர் சொல்கிறார். காரணம் என்ன சொல்கிறார் தெரியுமா? "நான் உங்களை எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உங்கள் தேவனாகிய கர்த்தர்." இதைச் சரியாகச் செய்தால் எகிப்திலிருந்து விடுவிப்பேன் என்றல்ல, விடுவித்தாயிற்று, ஆகவே தராசு சரியாக இருக்கட்டும் என்கிறார். செங்கடலைக் கடந்த ஜனங்களிடம் மரக்காலைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சுவிசேஷத்தில் வருகிற வரி வசூலிக்கும் சகேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவனும் கணக்கில் கைவைத்துச் சம்பாதித்தவன்தான். அவன் திருந்தட்டும், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று இயேசு காத்திருக்கவில்லை. மரத்தில் இருந்தவனை இறங்கச் சொல்லி, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று அவரே முந்திக்கொண்டார். அப்புறம்தான் அவன் பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்கிறான். ஏமாற்றிப் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது லேவியராகமம் 6-இல் உள்ள பிரமாணம். ஒன்றுக்கு நாலு என்பது ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கோ விற்றவனுக்கோ விதித்தது. சகேயு தன்னை எந்த வரிசையில் நிறுத்திக்கொண்டான் பாருங்கள். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, பேரம் பேசவும் அவன் யோசிக்கவில்லை.

தசமபாகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விவசாயியிடம் கழித்த கிலோவிலிருந்து பத்தில் ஒன்றை ஆண்டவருக்குக் கொடுப்பது, மன்னிக்கவேண்டும், அவரையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதுதான். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. உண்டியல் காத்திருக்கும்.

அரை ஏக்கர் மரம் வைத்திருப்பவர் விடியுமுன் பால் வெட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அழுத்தி, நாள்கணக்கில் காயவைத்துக் கொண்டுவருகிற ஷீட் அது. வழக்கமாக வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும், பில் புத்தகமும் இருக்கும். அவர்களிடமிருந்து தொடங்குங்கள். காரணம் சொல்லிக் கொடுங்கள். போனஸ் என்று சொல்லிக் கொடுத்து நல்ல பெயர் வாங்காதீர்கள். சிலர் திட்டுவார்கள், ஒருவர் இரண்டு பேர் கடையை மாற்றிக்கொள்ளவும் கூடும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாத கணக்கு ஏழைகளுக்குப் போகட்டும். அதைக் கொடுத்து முடித்தால்தான் தேவன் மன்னிப்பார் என்று மட்டும் எண்ணவேண்டாம். பாவத்தை அறிக்கையிடும்போதே அவர் மன்னிக்கிறார். நீங்கள் தீர்ப்பது மனிதரிடம் பட்ட கடன்.

இதற்கெல்லாம் முன்பு மச்சானிடம் பேசியாகவேண்டும். அவர் பங்கைப் பற்றி நீங்கள் தீர்மானம் பண்ணமுடியாது. உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள். ஆனால் நாளை முதல் என் கையால் கூடுதல் கழிவு போடமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் ஷீட் உண்மையிலேயே ஈரமாகத்தான் வரும், அதற்குக் கழிப்பதில் தப்பில்லை. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் காயாத இடம் வெள்ளையாகத் தெரியுமே, அதை விற்கிறவருக்கும் காட்டி, அவர் சரி என்ற பிறகு கழியுங்கள்.