மிதிப்பதற்கு முன் கீபோர்டின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். யமஹா பிஎஸ்ஆர்-எஸ் வரிசை. பாட்டுக்கு நடுவே டோன் மாற்றக் கை போதவில்லை. 6 சுவிட்ச் கொண்ட மிடி ஃபுட் கன்ட்ரோலர் புதிதாக வந்திருக்கிறதாம். சிங்கப்பூரிலிருந்து குருவி (பயணப் பையில் சரக்கு கொண்டுவருபவர்) மூலம் 14,000 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர். பிரயோஜனப்படுமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடவில்லையே தம்பி? அப்படியானால் மேலே படியுங்கள்.

அந்தப் பெட்டிக்கென்று சொந்தச் சத்தம் கிடையாது. மிதித்தால், 'இந்த நம்பர் டோனுக்குப் போ' என்று கீபோர்டுக்கு ஒரு சீட்டு அனுப்பும், அவ்வளவுதான். கருவிகள் பேசிக்கொள்ளும் இந்தச் சீட்டு மொழிக்குத்தான் மிடி என்று பெயர். சீட்டு போய்ச் சேர வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீபோர்டைத் திருப்புங்கள். 5 துளை வட்ட சாக்கெட்டில் 'மிடி இன்' என்று எழுதியிருந்து, கன்ட்ரோலரிலும் வட்ட 'அவுட்' இருந்தால் பிழைத்தீர்கள். இரண்டிலும் கம்ப்யூட்டருக்கான யுஎஸ்பி மட்டும் என்றால், இரண்டு மாப்பிள்ளைகளை மணையில் உட்கார வைத்த கதை. இரண்டும் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்கும், ஒன்றோடொன்று பேசாது. பென்டிரைவ் துளையில் செருகலாமே என்பார் விற்பவர். அது பென்டிரைவுக்குத்தான் தம்பி. நடுவில் கம்ப்யூட்டர் இடத்தில் நின்று இரண்டையும் பேச வைக்க யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்று இன்னொரு பெட்டி வேண்டும், அதற்குத் தனி அடாப்டர், மேடையில் இன்னொரு வயர். இதை எந்த இடைத்தரகரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

வழி இருந்தாலும் நம்பர் குழப்பம் உண்டு. மிடியில் டோன் எண்கள் 0 முதல் 127 வரை. சில கருவிகள் அதையே 1 முதல் 128 என்று காட்டும். ஒரு கொடியேற்றக் கச்சேரியில் புல்லாங்குழலுக்காக மிதித்தேன், பக்கத்து நம்பர் டோன் வந்து நின்றது. பாடகி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் தேவைக்கு இதெல்லாம் எதற்கு? பிஎஸ்ஆர்-எஸ் வரிசையில் பெரும்பாலான மாடல்களில் பெடல் சாக்கெட்டுக்கு 'ரெஜிஸ்ட்ரேஷன் பிளஸ்' வேலையை, அதாவது சேமித்து வைத்த அடுத்த அமைப்புக்குத் தாவும் வேலையை, ஒப்படைக்கலாம். டோன்களைப் பாட்டு வரிசைப்படி ரெஜிஸ்ட்ரேஷனில் சேமித்து, சாதாரண சஸ்டைன் சுவிட்ச் (சத்தத்தை நீட்ட மிதிக்கும் ஒற்றைப் பெடல்) ஒன்றை மாட்டுங்கள். மிதிக்க மிதிக்க அடுத்தது வரும். கன்ட்ரோலர் விலைக்குப் பக்கத்திலேயே வராது.

குருவிச் சரக்குக்கு பில் இல்லை. பழுதானால் சர்வீஸ் கவுண்டரில் எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். பில் இருந்தாலும் என்ன வாழ்கிறது? என் வால்யூம் பெடலை சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, 'பார்ட்ஸ் வரவில்லை' என்ற ஒரே பதிலைக் கேட்டபடி இரண்டு திருவிழாக்களைக் கடத்தினேன். கச்சான் காற்றில் (தென்மேற்குக் கடற்காற்று) கடற்கரை மேடையில் வைத்த பெடல் அது. திருகைக் கழற்றினால் ஜாக்கைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு. எது வாங்கினாலும் மேடை முடிந்ததும் துடைத்து மூடி வையுங்கள்.

தெரிந்தவரிடம் சொல்லுங்கள்: பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரட்டும், உங்கள் கீபோர்டில் மாட்டி 6 சுவிட்சிலும் நீங்கள் நினைத்த டோன் வந்த பிறகு காசு. கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினால் செல்லாது.