விக்கியில் கை வைக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களாக ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன். எந்தச் சிக்கல் வந்தாலும், பயனர்களே எழுதித் திருத்தும் அதன் உதவித் தளமான ஆர்ச் விக்கியைத்தான் திறப்பேன். போன வாரம், மூடி வைத்த என் மடிக்கணினியில் விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துபோகத் தொடங்கியது. அந்த மாடலுக்கென்று விக்கியில் இருக்கும் பக்கம், கணினியின் வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் டிஎஸ்டிடி அட்டவணையைத் திருத்தி ஏற்றச் சொல்கிறது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், கணினியைத் தொடக்கி வைக்கும் உள்ளமை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் அதிலேயே உறக்க நிலையை மாற்ற ஒரு வசதி வந்துவிடுகிறது. மாற்றியதும் சரியாகிவிட்டது. இதைப் பற்றிப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. சேர்க்கலாம் என்று 'தொகு' வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் நிரல் எழுதுபவன் இல்லை, வெறும் பயனர். ஆங்கிலமும் சுமார்தான். எழுதியதை யாராவது நீக்கிவிட்டால்? என்னைப் போன்றவர்கள் அதில் கை வைக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

வைக்கலாம். இன்றே வையுங்கள்.

பட்ட பாடு இப்போது உங்கள் நினைவில் அப்படியே இருக்கிறது. எந்த பயாஸ் பதிப்பில் அந்த வசதி வந்தது, மெனுவில் எங்கே இருக்கிறது, என்ன பெயரில் இருக்கிறது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் எந்தெந்த உறக்க நிலைகள் உண்டு என்று காட்டும் மெம் ஸ்லீப் கோப்பில், மாற்றுவதற்கு முன் எஸ்2ஐடில் என்ற இலேசான உறக்கம் மட்டும் இருந்ததா, மாற்றிய பின் டீப் என்ற ஆழ்ந்த உறக்கமும் சேர்ந்து வந்ததா... ஒரு மாதம் போனால் இதில் பாதி மறந்துவிடும். 'பயாஸில் ஏதோ மாற்றினேன், சரியாகிவிட்டது' என்பது மட்டும்தான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு இன்னொருவர் எதுவும் செய்ய முடியாது.

உங்களை இரண்டு நாள் அலைய வைத்த அந்தப் பழைய குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எழுதியவர் தவறாக எழுதவில்லை. பயாஸ் ஆழ்ந்த உறக்க நிலையைத் தராத காலத்தில், அட்டவணையைத் திருத்துவதுதான் அவருக்குத் தெரிந்த வழியாக இருந்திருக்கும். தானே செய்து பார்த்து, மற்றவர்களுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எந்த பயாஸ் பதிப்புக்கு இது பொருந்தும் என்று குறிக்க மட்டும் விட்டுவிட்டார். அந்த ஒரு எண் இல்லாததால், அன்றைக்கு உண்மையாக இருந்தது என்றைக்கும் உண்மை என்பதுபோல் பக்கத்தில் நின்றுவிட்டது. ஆர்ச்சில் இது இன்னும் பெரிய தொல்லை. அது பதிப்பு பதிப்பாக வெளிவரும் இயங்குதளம் இல்லை, நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருப்பது. ஆகவே பதிப்பு எண்ணைக் குறிக்காமல் எதையும் எழுதாதீர்கள். பழைய குறிப்பையும் உடனே அழித்துவிட வேண்டாம். இன்ன பயாஸுக்கு முன்னால் இருப்பவர்களுக்கு என்று அதன் தலையில் ஒரு வரி போடுங்கள். பயாஸைப் புதுப்பிக்க முடியாத யாரோ ஒருவருக்கு அது இன்னும் தேவைப்படலாம்.

'வெறும் பயனர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு வருத்தமாக இருந்தது. கெர்னலின் உறக்கப் பகுதியை எழுதியவருக்கு உறக்கம் எப்படி நடக்கிறது என்று தெரியும். உங்கள் மாடல் அவர் கையில் இல்லை. இரவில் மூடி வைத்துக் காலையில் திறந்து பார்த்தது நீங்கள்தான். உலகின் முதல் விக்கியே இப்படிப்பட்ட அனுபவத்தைத் திரட்டத்தான் தொடங்கியது. வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று அதை வெளியிட்டார், நிரலாளர்கள் தங்கள் வேலையில் திரும்பத் திரும்பக் கண்ட தீர்வு வடிவங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக. கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா வந்தது 2001இல்தான். அங்கே நீங்கள் சொந்தமாகக் கண்டுபிடித்ததை எழுத முடியாது, ஏற்கெனவே வெளியான சான்று வேண்டும். அந்த விதியை மனதில் வைத்துக்கொண்டுதான் பலர் எல்லா விக்கிகளையும் பார்த்துத் தயங்குகிறார்கள். ஒரு துறைக்கான விக்கியில் நீங்கள் செய்து பார்த்ததுதான் சரக்கு. இன்னொருவர் அதையே செய்து சரிபார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான். நான் ஆர்ச் விக்கியில் கணக்கு தொடங்கியபோது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் ஒரு கட்டளையை ஓட்டி அது தரும் விடையை எழுதச் சொன்னார்கள். படிப்பையோ வேலையையோ கேட்கவில்லை. ஆர்ச் ஓடும் கணினி கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நீக்கிவிட்டால் என்ன செய்வது என்கிறீர்கள். எனக்கு நடந்திருக்கிறது. வேறொரு குழுவின் விக்கியில், ஒரு பக்கத்தின் பாதியை ஒரே இரவில் திருத்தி எழுதிப் போட்டேன். என்ன மாற்றினோம் என்று குறிக்கும் சுருக்கப் பெட்டியில் ஒன்றும் எழுதவில்லை. காலையில் எல்லாம் பழையபடி இருந்தது. அன்று முழுக்க மனம் கனத்துக் கிடந்தது. அப்புறம், அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் போய்க் கேட்டேன். நான் மாற்றியதில் நான்கு நல்லவை, ஒன்று தவறு, எல்லாம் ஒரே கட்டாக இருந்ததால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று பொறுமையாகப் பதில் வந்தது. நான்கையும் தனித்தனியாகப் போட்டேன், நின்றன. ஆர்ச் விக்கி இதையே அடிப்படை விதிகளாக வைத்திருக்கிறது: சுருக்கத்தைச் சரியாக எழுது, சிக்கலான மாற்றங்களை ஒரே தடவையில் செய்யாதே, பெரிய மாற்றம் என்றால் முன்கூட்டியே உரையாடல் பக்கத்தில் சொல். மூன்றும் உங்கள் வரியைக் காப்பாற்றும் விதிகள். நீக்கப்பட்டாலும் பக்கத்தின் திருத்த வரலாற்றில் அது இருக்கும், திரும்ப எடுக்கலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். இந்த வகை எழுத்துக்கு நீளமான வாக்கியம் வேண்டியதே இல்லை. பதிப்பு எண், மெனுவின் பெயர், மாற்ற வேண்டிய மதிப்பு, சரிபார்க்கும் கட்டளை. இலக்கணம் பிசகினால் வேறு யாராவது திருத்திவிடுவார்கள். மெனுவின் பெயரை அவர்களால் ஊகிக்க முடியாது. உறக்க நிலைகள் என்றால் என்ன என்று விளக்கவும் வேண்டாம், அதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது, இணைப்பு கொடுத்தால் போதும். மாடல் பக்கத்தில் அந்த மாடலுக்கே உரியது மட்டும்தான் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கோ படித்ததை, ஓட்டிப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் காலாவதியானது, துல்லியம் சரிபார்க்கப்பட வேண்டியது என்றெல்லாம் குறிக்க வார்ப்புருக்கள், அதாவது ஆயத்த அறிவிப்புப் பெட்டிகள், இருக்கின்றன. அதை ஒட்டி, காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு வரலாம். அந்தக் குறி இருந்திருந்தால் உங்களுக்கே இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பயாஸ் வரும்போது இதே மாடல் வைத்திருக்கும் யாராவது உங்கள் வரியை மாற்றுவார், அப்போது உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்.