மொரீஷியஸ் சுற்றுலா: விடுதிச் சாப்பாடா, வெளிச் சாப்பாடா?

குடும்பத்துடன் மொரீஷியஸ் போகிறோம், கடற்கரை விடுதியில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடலாமா, வெளியே உள்ளூர்க் கடைகளில் சாப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பாதிப் பேர் சைவம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

மூன்று வேளைக்கும் கட்டாதீர்கள். காலை உணவும் இரவு உணவும் மட்டும் சேர்ந்த ஹாஃப் போர்டு திட்டத்தை எடுத்துக்கொண்டு, மதிய வேளையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தீவின் நல்ல சாப்பாடு பகலில்தான் கிடைக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகும் சாப்பாடு அது. தலைநகரான போர்ட் லூயிஸில் மாலையில் அலுவலகங்கள் மூடியதும் தெருக்கள் வெறிச்சோடிவிடும். டோல் பூரி என்னும் பருப்பு அடைத்த ரொட்டியை விற்பவர் அதற்கு வெகு முன்பே பெட்டியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கிராமப்புறங்களில் இருட்டத் தொடங்கினால் பஸ்ஸும் அரிது. ஆகவே இரவில் வெளியே சாப்பிடக் கிளம்பினால், டாக்சிக்கும் கொடுத்துவிட்டு, சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் உணவகத்தில்தான் போய் உட்கார வேண்டிவரும். கிராண்ட் பே, ஃபிளிக் ஆன் ஃபிளாக் ஆகிய இடங்களில் தங்குகிறவர்களுக்கு மட்டும் இரவிலும் நடந்துபோகும் தூரத்தில் நல்ல கடைகள் உண்டு.

முதல் நாளே டோல் பூரி சாப்பிட்டுவிடுங்கள். பருப்பை மஞ்சள் சேர்த்து வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, மாவாக அரைத்து, மைதா உருண்டைக்குள் அடைத்து மெல்லிதாகத் தேய்த்துக் கல்லில் வாட்டி எடுக்கிறார்கள். பருப்பு வெந்த நீரையே மாவு பிசையவும் பயன்படுத்துவதால் அந்த மணம் மேல்தோல் வரைக்கும் இருக்கும். நன்றாகச் செய்த டோல் பூரி மல்துணி மாதிரி மடியும், விரிசல் விடாது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மொச்சைக் குழம்பு, ருகாய் எனப்படும் தக்காளித் தொக்கு, கொத்தமல்லிச் சட்னி, காய்கறி ஊறுகாய் எல்லாம் தடவிக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கணக்கே ஜோடிக்குத்தான். கடைசியாகப் பச்சைமிளகாய் விழுதை எடுத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். குழந்தைகள் இருந்தால் அந்த நொடியில் ‘சான் பிமா’, அதாவது காரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த விழுது உண்மையாகவே கடுமையானது. ஆந்திரச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்கையும் சோதிக்கும்.

எந்தக் கடை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ரோஸ் ஹில்லில் இருக்கும் ‘தேவா அண்ட் சன்ஸ்’ தீவு முழுக்கப் பெயர்பெற்றது. போர்ட் லூயிஸிலிருந்து மெட்ரோ ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் பெயர்பெற்ற கடையைத் தேடித்தான் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சட்டையில் அடையாள அட்டை மாட்டியவர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்து விற்பவரிடமும் வரிசை இருந்தால் தயங்காதீர்கள். வரிசை இருக்கும் இடத்தில் பண்டம் தேங்காது, வயிற்றுக்கும் அதுதான் பாதுகாப்பு. தண்ணீர் மட்டும் பாட்டிலில் வாங்கிக் குடியுங்கள்.

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆப்ரவாசி காட் வந்துவிடும். 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய இடம். 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் அவர்களுக்குப் படியாக அளந்ததில் அரிசியும் பருப்பும்தான் முக்கியம். அந்தப் பருப்புதான் இன்று தீவு முழுவதற்கும் மதியச் சாப்பாடாகியிருக்கிறது. முதலில் ஆப்ரவாசி காட் என்ற அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சந்தைக்குச் சாப்பிட வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். கல்படிகளைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் காகிதச் சுருளைப் பிரிக்கும்போது அது வெறும் தீனியாக இருப்பதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் துறைமுகம் கட்டப் போயிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நீட்டும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதன் மதிப்பு தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் அச்சாகியிருக்கும்.

சைவர்களுக்கு இந்தத் தீவில் பட்டினி இல்லை, ஆனால் விசாரிக்காமல் சாப்பிடக் கூடாது. டோல் பூரி பெரும்பாலும் சைவம்தான். ‘காத்தோ பிமா’ என்று விற்கும் பருப்பு வடையும் சைவம். காலையில் அதைச் சூடான ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்து அழுத்தித் தருவார்கள், விடுதியின் காலை உணவை ஒருநாள் தியாகம் செய்யலாம் அதற்கு. கத்தரிக்காய் பஜ்ஜியும் சமோசாவும் அதே கூடையில் இருக்கும். சமோசாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். சீனக் கடைகளில்தான் அதிகக் கவனம் தேவை. காய்கறி நூடுல்ஸ் என்று சொல்லிவிட்டு ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றியிருப்பார்கள். சௌசௌ துருவிச் செய்யும் வெள்ளைக் கொழுக்கட்டையைப் பார்த்தால் காய்கறிப் பண்டம் என்றுதான் தோன்றும், உள்ளே காய்ந்த இறால் இருக்க வாய்ப்பு அதிகம். ‘மோ பா மான்ஸ் லவியான், நி புவாசோன்’ என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நான் இறைச்சி சாப்பிடுவதில்லை, மீனும் சாப்பிடுவதில்லை. ஆங்கிலம் பல இடங்களில் புரியும் என்றாலும் உள்ளூர் மொழியான கிரியோலில் இப்படி ஒரு வாக்கியம் சொன்னால் கடைக்காரரின் கவனமே வேறு.

எங்களுடன் வந்த என் அம்மா சுத்த சைவம். மஹேபூர்க் சந்தையில் ஒரு கடையில் இறைச்சி இல்லை என்று சொன்ன பிறகும் மூடியிருந்த பாத்திரங்களையெல்லாம் சைகை காட்டித் திறக்கச் சொன்னார். அந்தக் கடைக்கார அம்மாள் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து, கரண்டியால் கிளறியும் காட்டினார். வெளிநாட்டுப் பயணத்தில் நான் பார்த்த விருந்தோம்பல்களில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சீனர்களும் அக்கம்பக்கமாக வாழும் ஊர். யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் பழகிய விஷயம். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் பிரியாணிக் கடையிலும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு போட்ட அந்தப் பிரியாணி நன்றாகவே இருக்கும்.

தைப்பூசத்தை ஒட்டிப் போகிறீர்கள் என்றால் கோயில் இருக்கும் ஊரில் அன்று பகலைச் செலவழியுங்கள். காவடித் திருநாள் அங்கே அரசு விடுமுறை. வழிபாடு முடிந்ததும் வாழையிலையில் சோறும் ஏழு வகைக் கறியும் பரிமாறுவார்கள். பலாக்காய், வாழைக்காய், பூசணி, கீரை, ரசம், பாயசம் என்று இலை நிறையும். எந்த உணவகத்திலும் அதே சுவையை எதிர்பார்க்க முடியாது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது விந்தாய். கடுகு, மஞ்சள், பூண்டு, வினிகர் சேர்த்து மீனையோ ஆக்டோபஸையோ சமைத்து ஆறவைத்துப் பரிமாறுவார்கள். மறுநாள் இன்னும் ருசிக்கும் வகை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை ஆக்டோபஸ் பிடிக்கத் தடை உண்டு. அந்தக் காலத்தில் தட்டில் வருவது குளிரூட்டி வைத்ததாகத்தான் இருக்கும், அப்போது மீன் விந்தாயே மேல். மலைப்பக்கம் ஷமாரெலுக்கு ஏழு நிற மண்ணைப் பார்க்கப் போகிற அன்று மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொண்டால் மான்கறி கிடைக்கும். டச்சுக்காரர்கள் 1639-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களின் வழி அது. வீட்டிலேயே சமைத்துப் பரிமாறும் இடங்களும் அங்கே உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

சீனர்களின் பூலெத் என்னும் உருண்டைகள் தெளிந்த சூப்பில் மிதந்து வரும். மழைநாளில் போர்ட் லூயிஸின் ராயல் தெருவில் உட்கார்ந்து சாப்பிட ஏற்றவை. ‘போல் ரான்வெர்சே’ என்று ஒன்று உண்டு. கிண்ணத்தில் முதலில் முட்டை, அதன்மேல் காய்கறியும் கோழியும் வதக்கிய குழம்பு, மேலே சோறு என்று அடுக்கித் தட்டில் கவிழ்த்து எடுப்பார்கள். குழந்தைகளுக்குப் பார்க்கவே பிடிக்கும், காரமும் கிடையாது.

வெயில் தாங்கவில்லை என்றால் சந்தைக்குள் அலூதா குடியுங்கள்: பால், சப்ஜா விதை, கடற்பாசி ஜெல்லி. கடற்கரையில் அன்னாசியைக் காம்போடு சீவி உப்பும் மிளகாயும் புளியும் தடவித் தருவார்கள். இந்த இரண்டையும் நான் தினமும் சாப்பிட்டேன்.

எச்சரிக்கை என்று சொல்ல வேண்டியது பணம் தொடர்பானதுதான். தெருக்கடைகளுக்குச் சில்லறை ரூபாய் வேண்டும். அட்டை செல்லாது என்று நினைத்தே கிளம்புங்கள். மேசை போட்ட உணவகங்களில் 15 சதவீத வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று மெனுவின் அடியில் பாருங்கள். கடல் இறாலுக்கு நூறு கிராமுக்கு இவ்வளவு என்று விலை போட்டிருப்பார்கள். எடை போட்டு மொத்தத் தொகையைச் சொன்ன பிறகே சமைக்கச் சொல்லுங்கள். தீவுப் பயணப் படகுகளில் சேர்த்துத் தரும் பார்பிக்யூ மதிய உணவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சைவர்களுக்கு அதில் ரொட்டியும் சாலடும் தவிர அதிகம் இருக்காது. படகில் போகும் நாளில் காலையிலேயே டோல் பூரி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறினாலும் மெதுமெதுவென்றே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தலைநகருக்குச் சாப்பிடப் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று உள்ளூர்க் குடும்பங்களெல்லாம் அண்டாவோடு கடற்கரைக்கு வந்து சவுக்கு மரங்களின் கீழ் சமைத்துச் சாப்பிடும். பொதுக் கடற்கரைகளில் வண்டிக் கடைகளும் வரிசையாக நிற்கும். கிழக்குப் பக்கம் தங்கியிருந்தால் ஃபிளாக் சந்தை புதனும் ஞாயிறும் நடக்கிறது. தெற்கே மஹேபூர்க் சந்தைக்குத் திங்கள்தான் பெரிய நாள், விமான நிலையமும் அருகில்தான். ஊர் திரும்பும் விமானம் திங்கள் மாலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். மதியம் மஹேபூர்க்கில் சாப்பிட்டுவிட்டு, 1870 முதல் நடக்கும் ‘ரோல்’ (Rault) குடும்பத்தின் பிஸ்கட் ஆலையில் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு விமான நிலையம் போக நேரம் தாராளமாக இருக்கும்.