பதில்: அம்மாவின் ஸ்கேனில் நுரையீரல் மங்கல்

வணக்கம் தம்பி. மார்பகப் புற்றுக்கு கீமோ எடுக்கும் அம்மாவின் பெட் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரவுண்ட் கிளாஸ்’ (தேய்த்த கண்ணாடிபோன்ற மங்கல்) என்று பார்த்து, நுரையீரலுக்குப் பரவிவிட்டதோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் அப்படி முடிவுகட்டாதீர்கள். பரவிய புற்று பெரும்பாலும் உருண்டைக் கட்டிகளாகத் தெரியும். இரு பக்கமும் ஓரமாக, தேய்த்த கண்ணாடிபோல மங்கலாகத் தெரிவது கொரோனாவில் சகஜம். 2020 மார்ச்சில் இத்தாலியின் பிரெசியாவில், காய்ச்சல் இருமல் இல்லாமல் ஸ்கேனுக்கு வந்த புற்றுநோயாளிகளிடமே இதைக் கண்டார்கள். பெட் ஸ்கேனுக்கு லேசான கதிரியக்கம் உள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள்; அதை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும். மங்கலான இடம் அப்படி ஒளிர்ந்தாலும் புற்றுதான் என்றில்லை. அழற்சி செல்களும் அந்தச் சர்க்கரையை இழுக்கும்.

சில கீமோ மருந்துகளாலும் இப்படி வரலாம். அதனால் இன்றே அவருடைய மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனையும் எடுங்கள். கீமோவை நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கீமோவில் நகம் கறுத்திருந்தால் ஆக்சிமீட்டர் அளவு தவறாகக் காட்டலாம்; வேறு விரலிலும் வைத்துப் பாருங்கள்.