பான்ஜோ பக்கத்தில் டிரம்ஸ் வைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் நடக்கும் புளூகிராஸ் இசை விழாக்களைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பான்ஜோ என்கிற வட்டக் குடத் தந்தி வாத்தியம், பிடில், மாண்டலின், கிடார், பாஸ் என்று தந்திகளாலேயே ஓடும் அமெரிக்க நாட்டுப்புற இசை அது. மலையில் இதற்கு இத்தனை ரசிகர்கள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி, அதில் வேறு இசையையும் வாத்தியத்தையும் கலக்கலாமா என்ற சண்டை, மீதி அந்தச் சண்டைக்குப் பதில். அதனால் இந்த முறை வேறு கேள்விகள் கிடையாது.

குன்னூர் வாசகர் ஒருவர்: புளூகிராஸ் விழா என்று பெயர் வைத்துவிட்டு ராக், சோல், கன்ட்ரி என்று எல்லோரையும் மேடை ஏற்றுகிறார்களே, பிரியாணிக் கடையில் உட்கார்ந்தவனுக்குத் தயிர்சாதம் வைப்பது போல இல்லையா?

நீங்கள் சொல்வது சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பூங்கா விழாவை என்றால், அவர்கள் போர்டையே மாற்றி எழுதிவிட்டார்கள். வாரன் ஹெல்மன் என்கிற பணக்கார முதலீட்டாளர், தானும் பான்ஜோ வாசிப்பவர், 2001ல் சொந்தக் காசில் ஆரம்பித்தபோது அதன் பெயர் ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ். கறாராகப் புளூகிராஸ் மட்டும்தான் என்று அர்த்தம். 2004ல் முன்னால் ஹார்ட்லி, அதாவது ‘அவ்வளவாக இல்லை’, என்று ஒரு சொல்லைச் சேர்த்து அந்தக் கறாரைக் கழற்றிவிட்டார்கள். டிக்கெட்டும் கிடையாது. காசு வாங்காதவனிடம் போய் ஏமாற்றிவிட்டாய் என்று எப்படிக் கேட்பது? டிக்கெட் வாங்கும் விழாக்களை அப்படி விட முடியாது, அங்கே உங்கள் கோபம் நியாயம்தான்.

ஊட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: புளூகிராஸின் தந்தை பில் மன்றோ வகுத்துவைத்த இலக்கணம் இருக்கும்போது டிரம்ஸ், எலக்ட்ரிக் கிடார் எல்லாம் எதற்கு?

ஐயா, மன்றோவே உங்கள் கட்சியில் முழுசாக இல்லை. 1939ல் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடைக்கு வந்த அவருடைய குழுவில், நாற்பதுகளின் நடுவில் சாலி ஆன் ஃபாரெஸ்டர் என்ற பெண்மணி அக்கார்டியன் வாசித்தார், இன்றைக்கு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள். புளூகிராஸ் என்றதும் நம் காதில் ஓடுகிறதே அந்த மூன்று விரல் பான்ஜோ, அது 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கரக்ஸ் வந்து சேர்ந்த பிறகுதான். சிறு வயதில் மன்றோ கற்றுக்கொண்டது மாமாவின் பிடிலிலிருந்தும், ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிடார் கலைஞரிடமிருந்தும். பான்ஜோவின் மூலமே ஆப்பிரிக்கா, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. கலப்பு கூடாது என்று கறாராகப் போனால் முதலில் இறக்க வேண்டியது பான்ஜோவைத்தான்.

இன்னொரு கதை. மன்றோவின் ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ நிதானமான மூன்று தட்டு வால்ட்ஸ். 1954ல் எல்விஸ் பிரெஸ்லி என்ற பொடியன் அதை நாலு தட்டில் போட்டு விரட்டிப் பாடினான். மன்றோ என்ன செய்தார் தெரியுமா? அதே வருஷம் தன் பாட்டைத் தானே மறுபடி பதிவு செய்தார், பாதி பழைய நடை, மீதி எல்விஸ் வேகம்!

ஆனால் டிரம்ஸ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான், காரணம் வேறு. மாண்டலின்காரர் கையை அடுத்த முறை கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் தந்திகளை வெட்டி, இடது விரலைச் சற்றே தளர்த்தி ஒலியை உடனே அமுக்கிவிடுவார், ‘சக்’ என்று மட்டும் கேட்கும். பாஸ் ‘தும்’ என்றால் மாண்டலின் ‘சக்’. டிரம்ஸ் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நிஜ டிரம்ஸ் வந்தால் அந்த மனிதருக்குப் பாதி வேலை போய்விடும், அதோடு பிடிலின் மெல்லிய இழுப்புகள் எல்லாம் காணாமல் போகும்.

கொடைக்கானல், கிடார் கற்கும் மாணவி: லெட் செப்பலின் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குப் புளூகிராஸ் ஆட்களோடு என்ன வேலை?

புளூகிராஸ் பாடகி அலிசன் கிராஸோடு பாடக் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? இருவரும் சேர்ந்து 2007ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு 2009ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. பிளான்ட் கத்தாமல் பாடக் கற்றுக்கொண்டதே அங்கேதான் என்பது என் கட்சி.

அதே மாணவி: பான்ஜோ கலைஞர் பேலா ஃபிளெக், மறைந்த நம் சாகிர் உசேனோடு வாசித்தது புளூகிராஸ் ஆகுமா?

ஆகாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. தபலா, ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழல், எட்கர் மேயரின் பாஸ், நடுவில் பான்ஜோ என்று 2023ல் வந்த ‘ஆஸ் வீ ஸ்பீக்’ ஆல்பம் 2024ல் இரண்டு கிராமி வாங்கியது. ஃபிளெக் ஊரைவிட்டு ஓடிப்போனவர் என்று கறார் ஆட்கள் சொன்னால், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் போட்ட ‘மை புளூகிராஸ் ஹார்ட்’டைக் கேட்கச் சொல்லுங்கள், சுத்தமான வாத்தியக்கூட்டு. நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? மாண்டலினில் கமகம் பேசுமா என்று சபாக்காரர்கள் சந்தேகப்பட்டபோது உ. ஸ்ரீநிவாஸ் சின்னப் பையன். அப்புறம் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் படுகர் ஆட்டத்துக்கும் கீபோர்டு வந்துவிட்டது. பழைய ஆட்கள் திட்டுகிறார்கள், பையன்கள் ஆடுகிறார்கள். நீங்கள் யார் பக்கம்?

ஆடுகிறவர்கள் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு காலத்தில் உங்கள் சடங்குகளுக்கு நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் வந்து கொள் என்கிற ஊதுகுழல், கொம்பு, பறை வாசித்தார்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி மூச்சு அறுபடாமல் கொள் ஊதுபவர் எதிரில் கீபோர்டுக்காரர் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் கலப்பு இல்லை, அமுக்குவது. அமெரிக்க விழாக்களிலும் எனக்கு இந்த ஒரு குறைதான். பெரிய பெயர்க்காரர் எந்த இசை பாடினாலும் பாடட்டும், அவருக்காக நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கும் சின்னக் குழுவை மொட்டை வெயில் நேரத்துக்குத் தள்ளாதீர்கள். அவர்களைக் கேட்கத்தான் கறார் ரசிகர் வருகிறார். கலப்பு என்று அவர் கத்துவதில் முக்கால்வாசி இந்த வயிற்றெரிச்சல்.

பெருமாள்மலை வாசகர்: நேரலை பார்க்க ராத்திரி கண்விழிக்க வேண்டுமா?

சான் பிரான்சிஸ்கோவில் மதியம் 12 மணி என்றால் அக்டோபரில் நமக்கு நள்ளிரவு 12.30. முழு விழாவும் பார்க்க ஆசைப்படாதீர்கள். விடிகாலை எழுந்தால் கடைசி இரண்டு குழுக்கள் காபியோடு கிடைக்கும்.

அதே வாசகர்: கொடைக்கானலிலேயே ஒரு புளூகிராஸ் விழா நடத்தினால் என்ன?

நடத்தலாமே! மே மாதம் மட்டும் வேண்டாம், ஏரிச்சாலையில் ஹாரன்தான் தாளம் போடும். அக்டோபர், நவம்பரில் மழை. பிப்ரவரி என் தேர்வு, அதுவும் பகலில். சாயங்காலம் மூடுபனி ஏறினால் பிடில்காரருக்குச் சுருதி நிற்காது. அந்தக் காலத்துத் தோல் பான்ஜோ என்றால் ஈரத்தில் தொய்ந்தே போகும், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் பரவாயில்லை. முதல் நிகழ்ச்சி கோத்தர் குழு. இடம் பார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெனரேட்டர் சத்தம் கேட்காத இடமாக இருக்கட்டும்.